சந்தைப் படத்தின் வலது ஓரம்

என் தொழில் அழகாகப் பொய் சொல்வது. உரும்பிராயில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறேன். மாப்பிள்ளை பெம்பிளையின் நெற்றியைப் பார்த்து உருகி நிற்பார். உண்மையில் அவர் காலையில் குடித்த ஒரு தேத்தண்ணியோடு, வேர்த்து ஒழுகி, "நாடியைக் கொஞ்சம் கீழை விடுங்கோ" என்ற என் அதட்டலுக்குக் கட்டுப்பட்டு நிற்பார். பிறகு கணினியில் நான் வேர்வையைத் துடைத்துவிடுவேன். தாய்மார் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, பிள்ளை கொஞ்சம் கறுத்துப்போனாள், வெளிச்சம் போட்டுவிடுங்கோ" என்பார்கள். பிள்ளை நல்ல வடிவான மாநிறமாக இருப்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனாலும் வெளிச்சம் போட்டுவிடுவேன், சோறு அதில்தான் வருகிறது.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான் வேலையில்லாத காலைகளில் ஒரு சின்னக் கமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்குகிறேன் என்று நினைக்கிறேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவனும் கிழவியும் ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்ததை எடுத்தேன். கடைசிச் சுளையில் இருவருக்கும் சண்டை, "நீ தின்", "இல்லை நீங்கள் தின்னுங்கோ" என்று. கொடிகாமம் பஸ்ஸில் ஒரு பெண் தூங்கித் தூங்கிப் பக்கத்துச் சீட்டுக்காரியின் தோளில் விழ, அந்த அறிமுகமில்லாத பெண் தோளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்ததை எடுத்தேன். இவற்றை யாரும் எனக்குச் செய்துகாட்டவில்லை. நான் சொல்லியிருந்தால் செய்திருக்கவும் மாட்டார்கள். மனிதர்கள் தங்களை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்களே என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

எங்கள் ஊரில் இந்த வேலை சுலபமில்லை. கமராவைக் கண்டவுடன் சனம் ஒன்றில் விறைத்து நிற்கும், இல்லையென்றால் விசாரணை தொடங்கும். "எந்தப் பேப்பருக்குத் தம்பி?" "உதை எங்கை போடப்போறீர்?" "ஐயோ, நான் இன்னும் குளிக்கேல்லை, எடுக்காதை!" ஆகையால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நான் எடுத்தது ஒருவருக்குத் தெரியவந்தால் அவருக்குப் படத்தைக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். வேறு யாருக்கும் காட்டாதே என்றால் காட்டமாட்டேன். இந்த வழக்கத்துக்குச் சோதனை என் சொந்த வீட்டிலிருந்தே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு அக்கா, எனக்குப் பெரியம்மா. அம்மப்பா தன் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு. நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை வேலியைப் பிரித்து அடைத்தார்கள். வேலிக்கு நட்ட கதியால் ஒரு சாண் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்றார் அம்மா. இல்லை, தன் பக்கம்தான் வந்தது என்றார் பெரியம்மா. ஊர் விதானையார் வந்து அளந்தார். அவர் அளந்தது இருவருக்கும் பிடிக்கவில்லை. இந்த ஒரு சாணில் ஒரு மரவள்ளித் தடி நடக்கூட இடம் காணாது. ஆனாலும் அன்றோடு கதைபேச்சு நின்றது. பிறகு வேலி போய் மதில் வந்தது. கிணற்றுக்கு நடுவால் மதில் போக முடியாதபடியால் அது கிணற்றுக்கட்டோடு வந்து நின்று, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்குகிறது. பாதிக் கிணறு எங்களுக்கு, பாதி அவர்களுக்கு.

பிள்ளைகளுக்குக் கோபம் இல்லை. நாங்கள் போகலாம், வரலாம், சாப்பிடலாம். பெரியப்பா தவறியபோது அம்மாவும் போனார். செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க எங்கள் ஊரில் எந்தக் கோபத்துக்கும் உரிமை கிடையாது. பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். அழுது முடித்து எழும்பி, ஒரு சொல் பேசாமல் வந்து, எங்கள் பக்கத்துக் கிணற்றில் குளித்தார்.

"அவ எல்லோ மூத்தவ? முதல் கதைக்கட்டும்" என்பார் அம்மா. "உவள் எல்லோ இளையவள்? வந்து கதைக்கட்டும்" என்பார் பெரியம்மா. இருவரையும் ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று பல தடவை எனக்குத் தோன்றியிருக்கிறது.

போன வருடம் பெரியம்மாவின் மகன் அவரைக் கனடாவுக்கு எடுப்பதற்கு எல்லா அலுவலும் முடித்துவிட்டான். தை மாதம் பயணம். அங்கேயே இருந்துவிடுவதுதான் ஏற்பாடு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்காலும் சரியில்லை. போனால் திரும்பி வருவது நடக்கிற காரியமல்ல என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் முழுக்க அவரை விருந்துக்குக் கூப்பிட்டது. எங்கள் வீடு மட்டும் கூப்பிடவில்லை. அம்மா அந்தப் பேச்சை எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். இந்த இரண்டு பேரும் ஒரு சொல் பேசாமலே பிரிந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை, சுன்னாகம் சந்தைக்குப் போனேன். நிலமெல்லாம் சேறு. கீரைக்காரி ஒருத்தி மூடியில் துளை போட்ட போத்தலால் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வாயெல்லாம் திறந்து கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவி எனக்குப் பிடித்தது. படபடவென்று சில படங்கள் எடுத்துவிட்டு, அவளிடம் காட்டி, அவள் சிரித்து, "உந்த வாயோடை ஒருத்தரும் என்னட்டைக் கீரை வாங்காயினம்" என்று சொல்ல, ஒரு பிடி முளைக்கீரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்டூடியோவில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். கொட்டாவிக்குப் பின்னால், படத்தின் வலது ஓரத்தில், பெரியம்மா ஒரு மரக்கறிக் குவியலுக்கு முன்னால் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார். சந்தைக்கும் சேலை உடுத்துத்தான் போகிற ஆள் அவர். தோளில் இருந்து வழுகிய முந்தானை சேற்றுத் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும், ஆனால் விழவில்லை. அவருக்குப் பின்னால் இன்னொரு பெண் நின்று, முந்தானையின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருக்கிறார். முகத்தை மட்டும் மீன் விற்கும் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், அந்தக் கைக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல. அது அம்மா.

நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். வெளியே பாஸ்போட் சைஸ் படத்துக்கு வந்த ஒருவர், "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்தவுடன் கழற்றினார்.

"உன்னை ஆர் உதெல்லாம் எடுக்கச் சொன்னது?"

"நான் கீரைக்காரியைத்தான் எடுத்தனான் அம்மா. நீங்கள் தானாய் வந்து விழுந்தியள்."

"சேலை சேத்துக்கை விழுந்தா ஆருக்கெண்டாலும் பிடிப்பன்."

"மீன் பக்கம் பாத்துக்கொண்டோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "ஒருத்தருக்கும் காட்டாதை. முக்கியமா அங்காலை காட்டாதை. அவ திரும்பமுன்னம் விட்டிட்டு வந்திட்டன், அவவுக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சா, தான் வெண்டதெண்டு நினைப்பா."

வழக்கம் வழக்கம்தான். காட்டமாட்டேன் என்று சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குக் காது திறந்துகொண்டது. அம்மா அப்பாவோடு எப்போதும் உரத்த குரலில்தான் கதைப்பார், அதுவும் கிணற்றடியில் நின்று. அப்பாவுக்குக் காது மந்தம், அதனால்தான் கத்துகிறார் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது கவனித்துக் கேட்டேன். "இஞ்சரப்பா, பத்து மணிக்குக் கரண்ட் நிக்குமாம்! தண்ணி ஏத்த வேண்டியவை இப்பவே ஏத்தலாம்!" என்று அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டர் ஓடத் தொடங்கும். அங்கேயிருந்தும் பதில் வரும், பெரியம்மா வளர்க்கும் ஆட்டுக்கு. "எடியே, சங்கக்கடையிலை நல்ல பருப்பு வந்திருக்காம், உனக்கென்ன தெரியும்?" ஆட்டுக்குப் பருப்பு எதற்கு? மறுநாள் எங்கள் வீட்டில் பருப்புக் கறி. அப்பாவிடம் இதைக் கேட்டேன். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மார்கழியில் பெரியம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். கனடாவுக்குக் கொண்டுபோகப் படங்கள் வேண்டுமாம். வீடு, கிணறு, முற்றத்து மாமரம், ஆடு எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"மோனை, நீ ஊரிலை எல்லாரையும் எடுக்கிறாய். கொம்மாவின்ரை படம் ஒண்டு கிடந்தாலும் தா. பேரப்பிள்ளையள் கேக்குங்கள், உங்களுக்குச் சகோதரம் இல்லையோ எண்டு."

என் கணினிக்குள்ளே அந்தப் படம் இருந்தது. இரண்டு முறை அழுத்தினால் திறந்துவிடும். ஆனால் அம்மாவுக்குச் சொல் கொடுத்திருந்தேன். "பாக்கிறன் பெரியம்மா" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் பட்டுச்சேலை, பதக்கஞ்சங்கிலி, முகத்தில் அப்பிய பவுடர் என்று முற்றத்துக் குரோட்டன் சாடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"எடு."

எத்தனையோ பெம்பிளைகளைச் சிரிக்க வைத்தவன் நான். அம்மாவிடம் என் வித்தை ஒன்றும் பலிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, கமராவைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சிரியுங்கோ" என்றால் பல்லைக் காட்டினார். "சாதாரணமா நில்லுங்கோ" என்றால் இன்னும் விறைத்தார். எடுத்ததைக் காட்டினேன்.

"ஆர் உது? பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர் மாதிரி நிக்கிறா" என்றார் அம்மா. இன்னொன்று எடுத்தோம். அது அதைவிட மோசம். அம்மா சாடியின் விளிம்பில் குந்தி, பதக்கத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தச் சந்தைப் படம் இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு."

"அதைக் குடு. நான் தந்ததெண்டு சொல்லாதை."

அவர் கண் நிறைந்துவிட்டது. பவுடர் கோடு கோடாகக் கரைந்தது. அந்த முகத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

கொட்டாவி விடும் கீரைக்காரியை வெட்டிவிட்டு, வலது ஓரத்தை மட்டும் பெரிதாக அச்சடித்துப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஆச்சரியப்படுவார், அழுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"உவள் பிடிச்சவள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடித் தெரியும்? நீங்கள் திரும்பியே பாக்கேல்லையே."

"சின்னனிலை கோயிலுக்குப் போகேக்கை என்ரை தாவணித் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டுதான் பின்னாலை வருவாள். சனத்துக்கை துலைஞ்சு போடுவனெண்டு பயம். அந்த இழுவை எனக்குத் தெரியாதோ மோனை?" அவர் படத்தில் தன் கையைத் தொட்டுக் காட்டினார். "திரும்பினா விட்டிட்டு ஓடிப்போடுவாள். அதாலை குனிஞ்ச குனியிலை நிண்டு பொறுக்கினன். முழங்கால் உயிர் போச்சு. பையைப் பார்."

பார்த்தேன். பெரியம்மாவின் காலடியில் இருந்த பை வாய் வரை நிறைந்து கிடந்தது. எல்லாம் கத்தரிக்காய். தனி ஒரு ஆள் இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு கத்தரிக்காய். அதற்குமேலும் ஒன்றைக் கையில் வைத்துச் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்த படம். அந்தப் பை என் கண்ணில் படவே இல்லை. ஒன்றுமறியாத இரண்டு பேரைப் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் அறியாதவன் நான் ஒருவன்தான்.

அன்று பின்னேரமே அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பையைப் பற்றிச் சொன்னபோது அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"கள்ளி" என்றார். சுளகை மடியில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், பிறகு மீண்டும் "கள்ளி" என்றார். அப்படியென்றால் இப்போதே போய்க் கதையுங்கள் என்று நான் சொன்னேன். "அதெப்பிடி? அவ மூத்தவ" என்றார். எனக்குத் தலையைக் கொண்டுபோய் மதிலில் முட்டலாம்போல இருந்தது.

பயணநாள் வந்தது. ஒழுங்கையில் விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. ஊர்ச்சனமெல்லாம் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் முழுவியளம் பார்ப்பார்கள், அதாவது புறப்படுகிறவருக்கு எதிரே ராசியான ஒருவர் வரவேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு ராசியான முழுவியளம் அம்மாதான். சோதனைக்குப் போகிற பிள்ளைகள், வெளிநாட்டுக்குப் போகிற பெடியன்கள் எல்லோருக்கும் அம்மாதான் தண்ணீர்க் குடத்தோடு எதிரே போவார். பெரியம்மாவின் மகன் கனடாவுக்குப் போனதும் அம்மாவின் முழுவியளத்தில்தான். அன்றைக்கு யார் எதிரே வருவது என்று ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. பெரியம்மாவும் கேட்கவில்லை. எங்கள் படலை சாத்தியிருந்தது.

ஏறுமுன்னர் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். வானுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினேன். பெரியம்மா நடுவில். எல்லோரும் வழக்கம்போல விறைத்தார்கள். "கமராவைப் பாருங்கோ, ஒண்டு, ரெண்டு" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது படலை திறந்த சத்தம் கேட்டது. படத்தின் வலது ஓரத்தில் அம்மா வந்தார். வீட்டுச் சேலை, இடுப்பில் பங்குக் கிணற்றில் அள்ளிய தண்ணீர்க் குடம். முழுவியளத்துக்கு வருகிறவர் பேசாமல் எதிரே நடந்து தாண்டிப் போய்விடவேண்டும். அதுதான் முறை. அம்மாவும் அப்படித்தான் நேரே பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். பெரியம்மாவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். குடத்தை இறக்கித் தரையில் வைத்தார்.

நான் விசையை அழுத்தினேன். கமராவை நேராகப் பிடிக்க மறந்துபோனேன். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. ஸ்டூடியோக்காரன் எடுத்த படமா இது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். சரிந்து கிடக்கிறது, கொஞ்சம் கலங்கியும் இருக்கிறது, வரிசையில் நிற்கிற ஒருவர்கூடக் கமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்க்கிறார்கள். அம்மா தன் தாலிக்கொடியில் எப்போதும் கொளுவி வைத்திருக்கும் சேலை ஊசியைக் கழற்றி, அக்காவின் தோளில் முந்தானையை மடித்துப் பிடித்து, அதைக் குத்திக்கொண்டிருக்கிறார். பெரியம்மா அசையாமல் நிற்கிறார், சந்தையில் நின்றதுபோலவே.

அம்மா சொன்னது படத்தில் இல்லை. எனக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

"குத்தின ஊசியைக் கழட்டாதையுங்கோ அக்கா. அங்கை பிடிக்க நான் இல்லை."